கடல் செட்டுக்குக் கரையில் என்ன வேலை?



சென்ற இதழில் வந்த வாக்கி-டாக்கி கட்டுரைக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று அலுவலகத்தில் யாரும் நினைக்கவில்லை. பாராட்டு கொஞ்சம், திருத்தம் கொஞ்சம், மீதி அத்தனையும் கேள்விகள். அந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. படகில் வைத்துக்கொள்ளும் வி.எச்.எஃப். கைசெட்டைக் கரையிலும் பயன்படுத்தலாமா? நமக்கு வேண்டிய அலைவரிசையை அதில் ஏற்றிக்கொள்ள முடியுமா? போலீஸ் பிடிக்காதே?

திருவிழாக் கூட்டத்தைச் சமாளிக்க நினைக்கும் இளைஞர் மன்றத்தினர் எழுதியிருக்கிறார்கள். தோப்புக்கும் வீட்டுக்கும் இடையே பேச ஆசைப்படும் விவசாயி எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் டெக்சாஸ் கடற்கரையோரம் குடியிருக்கும் வாசகர் ஒருவரின் கடிதம்தான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. அவர் அந்த ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் இருக்கிறார். மீட்புப் படகில் ஏறும்போது நெஞ்சில் இரண்டு செட் தொங்குமாம்: கடற்படகுகளோடும் கடலோரக் காவல்படையோடும் பேச ஒன்று, கரையில் நிற்கும் தீயணைப்பு வண்டியோடு பேச இன்னொன்று. ஈரக் கையால் எதை அழுத்துகிறோம் என்றே தெரியவில்லை, இரண்டையும் ஒரே செட்டில் அடக்க முடியாதா, சட்டத்துக்கு உட்பட்டு, என்று கேட்டிருக்கிறார். 'சட்டத்துக்கு உட்பட்டு' என்பதன் கீழே கோடு போட்டிருந்தார். வந்த கடிதங்களில் அப்படிக் கோடு போட்டவர் அவர் ஒருவர்தான்.

பதில்: முடியும். ஒரே செட்டைக் கடலுக்கும் தரைக்கும் முறையாகப் பயன்படுத்தும் ஏற்பாடு அமெரிக்கச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. அதற்கென்று செட்டுகளும் கடையில் கிடைக்கின்றன. ஆகவே அவர் ஊர்க் கதையை முதலில் சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன்.

இந்த ஆசை ஏன் வருகிறது என்பது புரியாததல்ல. கடல் செட் முரட்டுப் பொருள். ஐ.பி.எக்ஸ்.7 என்று பெட்டியில் போட்டிருந்தால், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று அர்த்தம். சில மாடல்கள் தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். பட்டன்கள் பெரிதாக, ஈரக் கைக்கும் தோதாக இருக்கும். ஐந்து ஆறு வாட் சக்தி. இதே உறுதியில் தரைக்கான தொழில்முறை செட் வாங்கப் போனால் விலை எகிறிவிடும். போதாக்குறைக்கு, இரண்டும் அலைவரிசையில் பக்கத்து வீட்டுக்காரர்கள். கடல் சேனல்கள் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கின்றன. அமெரிக்காவில் தீயணைப்பு, காவல், தனியார் நிறுவனங்கள் எல்லாம் பேசும் தரை வி.எச்.எஃப். 150-லிருந்து 174 மெகாஹெர்ட்ஸ் வரை அதைச் சுற்றி இரண்டு பக்கமும் கிடக்கிறது. உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கு 156.8-க்கும் 155.7-க்கும் பெரிய வேறுபாடு தெரியாது.

மின்சுற்றுக்குத் தெரியாதது சட்டத்துக்குத் தெரியும். அங்கே வானொலி விவகாரங்களைக் கவனிப்பது எஃப்.சி.சி. எனும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம். அதன் விதிப்புத்தகத்தில் 80-ஆம் பகுதி கடலுக்கு, 90-ஆம் பகுதி தரைக்கு. ஒரு செட் எந்தப் பகுதியின் கீழ்ச் சான்று பெற்றிருக்கிறதோ அந்த வேலைக்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்தலாம். நம்மூர் பஸ்ஸுக்கு ரூட் பர்மிட் மாதிரி. மதுரை-தேனிக்குப் பர்மிட் வாங்கிய வண்டியின் சக்கரம் ராஜபாளையம் ரோட்டிலும் உருளும்தான், ஆனால் ஓட்ட முடியாது.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் 20 மீட்டருக்குக் குறைந்த பொழுதுபோக்குப் படகில், நாட்டு எல்லைக்குள் ஓட்டும்வரை, வி.எச்.எஃப். செட்டுக்குத் தனி உரிமம் தேவையில்லை. 1996-இல் வந்த மாற்றம் இது. அதனால் கடல் செட் என்றாலே 'லைசென்ஸ் இல்லாத செட்' என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. சலுகை கொடுத்தது படகுக்கு. கையில் செட் வைத்திருக்கும் ஆளுக்குச் சட்டம் ஒன்றும் கொடுக்கவில்லை. படகை விட்டு இறங்கி மணலில் கால் வைத்து, கூடாரத்தில் இருக்கும் மனைவியை அதே சேனலில் கூப்பிட்டால் அந்தச் சலுகை அங்கேயே முடிந்துபோகிறது.

ஐந்து வாட் செட்டுக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்கலாம். வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவது. எவ்வளவு தூரம் எட்டும் என்பதை ஆன்டெனாவின் உயரம் தீர்மானிக்கிறது. கணக்கு எளிது: இரண்டு முனைகளின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் மேலே ஆளுக்கொரு செட்டோடு இரு படகுகளில் நிற்பவர்களுக்குக் கணக்குப்படி 12 கிலோமீட்டர். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அதே செட்டை 100 மீட்டர் உயரக் குன்றுக்குக் கொண்டுபோய் அழுத்தினால் 47 கிலோமீட்டர். அதாவது, கரையில் ஒரு மேட்டில் நின்றுகொண்டு, பார்பிக்யூவுக்குக் கரி வாங்கி வரச் சொல்லும் ஒருவர், தமக்கே தெரியாமல் 47 கிலோமீட்டர் கடற்பரப்பின் காதில் விழுகிறார். எஃப்.எம். முறையில் இன்னொரு சங்கடம் உண்டு. பலமான சமிக்ஞை மெலிந்த சமிக்ஞையை அப்படியே அமுக்கிவிடும். இரண்டும் கலந்து கேட்காது. மெலிந்தது கேட்கவே கேட்காது. மூழ்கும் படகிலிருந்து சேனல் 16-இல், 156.800 மெகாஹெர்ட்ஸில், தீர்ந்துகொண்டிருக்கும் பேட்டரியோடு ஒருவர் கூப்பிடும் குரல்தான் அந்த மெலிந்தது.

இனி முறையான வழிகளைப் பார்ப்போம். அவை இரண்டு.

முதல் வழி அதிகம் பேருக்குத் தெரியாது. கரையில் நின்றுகொண்டு கடல் சேனலிலேயே பேச வேண்டிய நியாயமான தேவை சிலருக்கு உண்டு. படகுத் துறை நடத்துபவர், பாய்மரப் பந்தயம் நடத்தும் கிளப், துறைமுகத்தில் படகுக்கும் லாரிக்கும் இடையே ஓடுபவர். இவர்களுக்காக 80-ஆம் பகுதியிலேயே 'மரைன் யுடிலிட்டி ஸ்டேஷன்' என்று ஓர் உரிமம் இருக்கிறது. கையில் தூக்கிச் செல்லும் செட்டுகள் ஒன்றோ பலவோ, எல்லாம் ஒரே உரிமத்தின் கீழ் வரும். கப்பலில் ஏறினால் கப்பல் நிலையத்தின் விதி, கரையில் இறங்கினால் தனியார் கரை நிலையத்தின் விதி. செட்டில் ஒரு பட்டனைக்கூட மாற்ற வேண்டாம். விதி மட்டும் ஆளோடு கூடவே இறங்கி ஏறுகிறது. சட்டம் எழுதியவர்களுக்கு நடைமுறை தெரிந்திருந்தது என்று சொல்லத் தோன்றும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று. ஆனால் பேச்சு கடல் வேலை சம்பந்தமாக இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு இது ஆகாது.

இரண்டாவது வழிதான் டெக்சாஸ் வாசகர் கேட்டது: ஒரே உடம்பில் 80, 90 ஆகிய இரண்டு பகுதிகளின் சான்றும் பெற்ற செட். ஐகாம் நிறுவனத்தின் எம்88 இதில் பெயர்பெற்றது. வழக்கமான கடல் சேனல்களோடு, தரைக்கென்று 22 சேனல்களை ஏற்றிக்கொள்ளும் இடம் அதில் தனியாக உண்டு. ஸ்டாண்டர்டு ஹொரைசன் நிறுவனமும் எச்எக்ஸ்370, எச்எக்ஸ்400 என்று இந்த வகையில் செட்டுகளை விற்றிருக்கிறது. கடலோரத் தீயணைப்புத் துறைகளும் துறைமுக நிறுவனங்களும் வாங்குவது இவற்றைத்தான்.

கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம். பேட்டரியைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு லேபிள் இருக்கும். அதில் எஃப்.சி.சி. ஐ.டி. என்று சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால், அந்த மாடலுக்குக் கொடுத்த சான்றிதழ் அப்படியே வரும். ஒரு சிறிய அட்டவணைதான். எந்த விதிப் பகுதி, எந்த அலைவரிசையிலிருந்து எதுவரை, எத்தனை வாட், அப்புறம் 16K0G3E மாதிரி ஒரு குறியீடு. விதிப் பகுதி என்ற கட்டத்தில் 80 மட்டும் இருந்தால் அந்த செட்டின் கதை கடலோடு முடிந்தது. என்ன கேபிள் போட்டாலும், யார் புரோகிராம் செய்தாலும் தரைக்கு அது சட்டப்படி உதவாது. 90 என்று இன்னொரு வரி இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

அந்தக் குறியீட்டையும் விட்டுவிடக் கூடாது. பழைய செட் வாங்குபவர்கள் விழும் குழி அதற்குள்தான் இருக்கிறது. கடல் சேனல்கள் இன்றும் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இயங்குகின்றன. குரல், நடு அலைவரிசையிலிருந்து இரண்டு பக்கமும் 5 கிலோஹெர்ட்ஸ் வரை விரியும். தரை வி.எச்.எஃப். பட்டையில் இடப் பற்றாக்குறை வந்ததால், 2013 ஜனவரி 1 முதல் எல்லோரும் 12.5 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒடுங்க வேண்டும் என்று ஆணையம் சொல்லிவிட்டது. அங்கே குரல் 2.5 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே விரியலாம். இதற்குச் சான்றிதழில் 11K என்று தொடங்கும் குறியீடு இருக்க வேண்டும். 11K0F3E என்று இருந்தால் சரி. 90-ஆம் பகுதிச் சான்று பெற்றும் 16K மட்டுமே உள்ள பழைய கடல் செட் ஒன்று மலிவாகக் கிடைத்தால், தரை வேலைக்கு அது காலாவதியான சரக்கு. காதாலேயே கண்டுபிடிக்கவும் முடியும். அகலமாகப் பேசும் செட்டை ஒடுங்கிய செட்டில் கேட்டால் குரல் உடைந்து கரகரக்கும். எதிர்ப்பக்கமாக, ஒடுங்கிய செட்டின் குரலை அகலமான செட்டில் கேட்டால் தொண்டை கட்டியவர் அடுத்த அறையிலிருந்து பேசுகிற மாதிரி சன்னமாக வரும். 'பேட்டரி வீக்' என்று பலர் தூக்கிப் போடும் செட்டுகளில் சிலவற்றின் நோய் இதுதான் என்பது என் சந்தேகம்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் புரோகிராம் பேச்சே. கடல் சேனல்கள் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டு வருகின்றன, அவற்றைத் தொட முடியாது, தொடவும் கூடாது. தரை சேனல்களை ஏற்றக் கணினியும், அந்த மாடலுக்கான கேபிளும், நிறுவனத்தின் மென்பொருளும் வேண்டும். விசைப்பலகையில் எண்ணைத் தட்டி அலைவரிசை மாற்றும் வசதி இவற்றில் இருக்காது. நிறுவனங்கள் பணம் பிடுங்கச் செய்த சூழ்ச்சி என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். 90-ஆம் பகுதியே அப்படிச் சொல்கிறது: பயன்படுத்துபவர் வெளியில் இருக்கும் பட்டன்களைக் கொண்டு தாமாகப் புது அலைவரிசை ஏற்றி அனுப்ப முடிகிற செட்டுக்குச் சான்று கிடையாது. ஏற்றுவது தயாரிப்பாளரின் அல்லது பழுதுபார்ப்பவரின் வேலை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும், எந்த எண்ணையும் தட்டினால் பேசுகிற செட்டுகள் மேல் ஆணையத்துக்கு உள்ள கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம். 2018 செப்டம்பரில் அத்தகைய செட்டுகளை விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று வெளிப்படையாக ஓர் எச்சரிக்கையே விட்டார்கள்.

மென்பொருளைத் திறந்தால் ஒரு பெரிய அட்டவணை. ஒவ்வொரு வரியும் ஒரு சேனல். பெயர், கேட்கும் அலைவரிசை, அனுப்பும் அலைவரிசை, அகலமா குறுகலா, சக்தி அதிகமா குறைவா, டோன் என்ன, ஸ்கேன் வரிசையில் சேர்ப்பதா இல்லையா. உதாரணத்துக்கு, அமெரிக்காவில் வெவ்வேறு துறைகள் அவசரத்தில் ஒன்றையொன்று கூப்பிட வைத்திருக்கும் பொதுச் சேனல் ஒன்று 155.7525 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. வீகால்10 என்று பெயர். இதை ஏற்றும்போது குறுகல் என்று போட வேண்டும், டோன் 156.7 ஹெர்ட்ஸ். டோன் என்பது குரலுக்கு அடியில் ஓயாமல் ஓடும் மெல்லிய ரீங்காரம். அது வந்தால்தான் எதிர்ச் செட்டின் ஸ்பீக்கர் திறக்கும். 156.7 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, 156.8 என்ற கடல் சேனலோடு குழப்பி அலைவரிசைக் கட்டத்தில் தட்டாமல் இருந்தால் சரி. ஒன்று ஹெர்ட்ஸ், இன்னொன்று மெகாஹெர்ட்ஸ். இன்னொரு நுணுக்கம்: 155.7525 என்பது 5 கிலோஹெர்ட்ஸ் படிகளில் ஏறும் செட்டில் உட்காராது. 2.5 கிலோஹெர்ட்ஸ் படி வேண்டும். பக்கத்து எண்ணுக்கு உருட்டி ஏற்றிவிட்டு 'சிக்னல் சரியில்லை' என்று புலம்புவது வீண்.

கடல் சேனலில் டோன் கிடையவே கிடையாது. எந்தப் படகும் எந்தப் படகையும் கேட்க வேண்டும் என்பதுதான் அங்கே விதி. ஒரே செட்டில் இரண்டு உலகமும் இருக்கும்போது கவனிக்க வேண்டியது இதுதான். எல்லாக் கடல் செட்டிலும் 16 என்று எழுதிய ஒரு பட்டன், பெரும்பாலும் தனி நிறத்தில், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அழுத்தினால் நேரே சேனல் 16. கடலில் அது உயிர். கரையில் தீயணைப்பு வண்டியோடு பேசிக்கொண்டிருப்பவர் கை தவறி அதைத் தொட்டுவிட்டு, 'தண்ணி லாரி எங்கே, சீக்கிரம் அனுப்புங்க' என்று கத்தினால் அது போய்ச் சேருவது கடலோரக் காவல்படையின் காதுக்கு. இந்த மாதிரி செட்டை வாங்கித் தரும் துறைகள், புரோகிராம் செய்யும் நாளைவிடப் பயிற்சி கொடுக்கும் நாளுக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

செட்டுக்குச் சான்று, ஏற்றியது முறையாக. மூன்றாவதாக, அந்த அலைவரிசையில் பேச உரிமம். தீயணைப்புக் குழு என்றால் உரிமம் துறையின் பெயரில் ஏற்கெனவே இருக்கும். டெக்சாஸ் நண்பரே, நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் துறைத் தலைவரின் சம்மதம் இல்லாமல் அவர்களுடைய அலைவரிசையை உங்கள் சொந்த செட்டில் ஏற்றவும் கூடாது. செட்டின் எஃப்.சி.சி. எண்ணை எழுதிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்களுடைய ரேடியோ டெக்னீஷியனே ஏற்றித் தரட்டும். தனியார் நிறுவனமோ பண்ணையோ என்றால் 90-ஆம் பகுதியில் தாமே உரிமம் வாங்கலாம். நாடு முழுக்க இடம் மாறி மாறி வேலை செய்பவர்களுக்கென்று 151.625 மெகாஹெர்ட்ஸ் போன்ற பொது அலைவரிசைகள் உண்டு. ஒரே இடத்தில் நிலையாக இயங்குபவர்களுக்கு, அலைவரிசை ஒருங்கிணைப்பாளர்கள் பக்கத்தில் யார் யார் பேசுகிறார்கள் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்து கொடுப்பார்கள். உரிமம் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

'உரிமமே வேண்டாத மர்ஸ் சேனல் ஐந்து இருக்கிறதே, அதை ஏற்றிக்கொண்டால் போதாதா' என்று அமெரிக்காவிலிருந்தே இன்னொருவர் கேட்டிருக்கிறார். 151.820, 151.880, 151.940, 154.570, 154.600 என்ற ஐந்தும் பொதுமக்களுக்கு உரிமமின்றித் திறந்துவிடப்பட்டவைதான். ஆனால் அவை வரும் இடம் 95-ஆம் பகுதி. சக்தி 2 வாட்டைத் தாண்டக் கூடாது. செட்டுக்கு அந்தப் பகுதியின் சான்று தேவை. கடல் செட்டில் அது இருக்காது. குடும்பத்தோடு முகாம் போகிறவர் மர்ஸ் சான்று பெற்ற செட் இரண்டு வாங்கிக்கொள்வதே மேல். இத்தனை தலைவலிக்கும் அது மலிவு.

கப்பலில் வேலை பார்க்கும் நம் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு, 'எங்கள் டெக் வாக்கி வேறு அலைவரிசையாயிற்றே' என்று எழுதுவார்கள். உண்மைதான். கயிறு கட்டும்போதும் சரக்கு இறக்கும்போதும் அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 457, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இயங்கும் யு.எச்.எஃப். செட். கப்பலுக்குள் நடக்கும் வேலைக்கு உலக அளவில் ஒதுக்கியது அது. லீவில் வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து ஊரில் பேச அல்ல.

பிரிட்டனிலும் நிலைமை இதே ரகம்தான். கரையில் கடல் செட் பேச ஆஃப்காமிடம் கரை நிலைய உரிமம் வாங்க வேண்டும். படகுத் துறைகளுக்கும் கிளப்புகளுக்கும் 157.850 மெகாஹெர்ட்ஸில் 'எம்' என்று ஒரு தனிச் சேனலே அங்கே வைத்திருக்கிறார்கள்.

இப்போது நம் ஊர். இளைஞர் மன்றத்தாருக்கும் தோப்பு வைத்திருக்கும் ஐயாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இந்தியாவில் கடல் செட்டைக் கரையில் பேசப் பயன்படுத்தாதீர்கள். இங்கே வானொலி அலைவரிசையைப் பங்கிட்டுத் தருவது மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு. செட்டை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகும் அனுமதி இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடவில்லை. கடலோர மாவட்டங்களில் பாதுகாப்புக் கெடுபிடி எப்படி என்பது அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடல் செட்டோடு மேட்டில் நின்று பேசிக்கொண்டிருப்பவர், 'திருவிழா வேலைங்க' என்று விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் இயங்கும் வாக்கி-டாக்கிகளுக்கு 2018 முதல் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் அந்த மாடலுக்கு இ.டி.ஏ. என்னும் கருவி வகைச் சான்று இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். இணையக் கடைகளில் 'லைசென்ஸ் வேண்டாம், பத்து கிலோமீட்டர் பேசும்' என்று விற்றவற்றில் பல, அலைவரிசை விவரமோ சான்றோ இல்லாதவை. 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய இணைய விற்பனைத் தளங்களுக்கெல்லாம் இதற்காக நோட்டீஸ் அனுப்பியது. திருவிழாக் கூட்டத்துக்கும், தோப்பு வீட்டுக்குக் கூப்பிடும் தூரத்தில் இருந்தால் அதற்கும் 446 செட் போதும். தொலைவு கூடுதலாக வேண்டும், பரிசோதனை செய்து பார்க்கும் ஆர்வமும் இருக்கிறது என்பவர்கள் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி ஹாம் ஆகலாம். 12 வயது ஆனாலே எழுதலாம். உங்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்துவிடுவார்கள். ஆனால் அதில் வியாபாரம் பேச முடியாது, தேங்காய் விலையும் பேச முடியாது. இலங்கை வாசகர்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் எந்த செட்டையும் கொண்டுவரவோ வாங்கவோ வேண்டாம்.

உயிர் போகும் நேரத்திலும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று ஒரு மீனவ சகோதரி கேட்டிருக்கிறார். வேண்டாம். ஆபத்தில் இருப்பவரும் அவருக்கு உதவுபவரும் கையில் இருக்கும் எந்த வானொலி வழியையும் பயன்படுத்தலாம் என்று சர்வதேச வானொலி விதிகளே சொல்கின்றன. அந்த நேரத்தில் எந்தச் சேனல் கிடைத்தாலும் அழுத்துங்கம்மா. கரையில் இருப்பவர்களுக்கு அதைவிட எளிய வழி, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற இலவச எண். போனிலேயே கூப்பிடலாம். தேடி மீட்கும் வேலையை ஒருங்கிணைக்கும் மையம் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது.

விளையாட்டுக்கு 'மேடே' என்று ஆபத்து அழைப்பு விடுப்பவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ரெஸ்க்யூ 21 என்ற ஏற்பாட்டில், கரையோரக் கோபுரங்கள் அழைப்பு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும். இரண்டு கோபுரத்தின் கோடுகள் வெட்டும் இடத்தில் ஆள் இருப்பார். செட் வேலை செய்கிறதா என்று பார்க்கக்கூட சேனல் 16-இல் காவல்படையைக் கூப்பிடக் கூடாது என்பது அங்கே விதி.

என் சொந்த அபிப்பிராயத்தையும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு சான்றும் உள்ள செட் மீட்புக் குழு, துறைமுகம், படகுத்துறை ஆகிய மூன்று இடங்களில் காசுக்கு மதிப்பானது. அங்கே இரண்டாவது கை கிடையாது. மற்ற எல்லோருக்கும் கடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி செட்டுகள்தான் நல்லது, மலிவும்கூட. செட்டை 'ஓப்பன்' பண்ணித் தருகிறேன், எல்லா அலைவரிசையும் பேசும் என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களுக்குத் தருவது இலவச வழக்கு ஒன்று.

ஒரு வேண்டுகோள். பூட்டு உடைக்கும் குறியீடு, ரகசிய விசைச் சேர்க்கை ஆகியவற்றைக் கேட்டு இனி எழுத வேண்டாம், அவற்றை நாம் வெளியிடப்போவதில்லை. அதற்குப் பதிலாக, உங்கள் கையில் இருக்கும் செட்டின் பேட்டரியைக் கழற்றி, உள்ளே இருக்கும் லேபிளின் மாடல் எண்ணையும் சான்று எண்ணையும், எந்த நாட்டில் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். எந்தச் சான்றின் கீழ் வருகிறது, எங்கே பேசலாம், எங்கே கூடாது என்று பார்த்து அடுத்த இதழில் பட்டியலாகப் போடுகிறோம். கடிதங்கள் மாதம் 10-ஆம் தேதிக்குள் வந்து சேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்